வெயில் கம்பெனியின் கோட்டு அறை

எனக்குத் தலைக்கனம் என்று என் கொழுந்தன் சொல்வான். விமானக் கம்பெனியில் வேலை கிடைத்ததிலிருந்து அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை என்பான். பாவவில்லைதான். அதற்கென்ன இப்போது? இருபத்து மூன்று வருடம் ரெடிமேட் கடையில் பேண்ட் கால் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு, கழுத்தில் படம் போட்ட அட்டையும், கண்ணெதிரே மஞ்சள் வால் விமானம் இரண்டும் கிடைத்தால் கால் எப்படிப் பாவும்? அவனுக்குக் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

கம்பெனிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் ஊரில் வருடத்தில் ஏழு மாதம் குளிர். அந்த ஏழு மாதமும் ஜனங்களை ஏற்றிக்கொண்டுபோய் வெயில் அடிக்கிற தீவுகளில் இறக்கிவிட்டு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துத் திரும்ப அழைத்து வருவதுதான் தொழில். அதனால் எல்லோருக்கும் அது வெயில் கம்பெனி. இரண்டு விமானங்களுக்கும் நாங்கள் வைத்த பெயர் அக்கா, தங்கச்சி. அக்கா ஏற்கெனவே மூன்று கம்பெனிகளுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டு எங்களிடம் வந்தவள். தங்கச்சிக்கு எங்கள் வீடுதான் முதல் வீடு.

பணிப்பெண்களின் சீருடையை அளவு பார்த்துச் சரிசெய்யத்தான் என்னைச் சேர்த்தார்கள். முதல் குளிர்காலத்தில் முதல் விமானம் கிளம்பிய அன்று வாசலருகே நின்று வேடிக்கை பார்த்தேன். ஆளுக்கொரு கம்பளிக் கோட்டு, முழங்கால் வரைக்கும். விமானத்துக்குள் தலைக்கு மேல் இருக்கிற பெட்டியில் அதைத் திணிப்பதற்கு அடிதடி. தீவில் இறங்கிய பிறகு அதையே தோளில் சுமந்துகொண்டு வேர்த்து வழிய வேண்டும். வெயிலுக்குப் போகிறவன் குளிரையும் கையோடு தூக்கிக்கொண்டு போவானேன்? மறுநாளே முதலாளியிடம் போய் நின்றேன்.

"சார், கோட்டையெல்லாம் இங்கயே வாங்கி வெச்சுக்கலாம். திரும்பி வரும்போது குடுத்துடலாம்."

"நூத்தி எண்பது கோட்டை யாரும்மா பாத்துக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

முதலாளி முன்பு விமானம் ஓட்டியவர். யோசித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மூன்றாம் நாள், பெட்டிகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, சுவருக்குச் சுவர் இரும்புக் குழாய் அடித்து, இருநூறு ஹேங்கர்களோடு சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். கதவில் "கோட்டு அறை" என்று பலகை மாட்டினார்கள். உலகத்தில் வேறு எந்த விமானக் கம்பெனியில் இப்படி இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. எங்களிடம் இருந்தது. அது என் யோசனை.

கோட்டை வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியம்தான் சொல்வேன். "கழட்டிக் குடுத்துட்டு நிம்மதியாப் போங்க, வரும்போது நானே போட்டு விடறேன்." சொன்னபடியே போட்டும் விடுவேன். விமானம் திரும்பி இறங்கியதும் வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். பின்னால் போய் கோட்டை விரித்துப் பிடித்தால், அவர்கள் கை தானாக உள்ளே நுழையும். மூக்கெல்லாம் வெயிலில் உரிந்து, இன்னும் தீவு நினைப்பிலேயே நடந்து வருகிறவர்கள், தோளில் அந்தக் கனம் ஏறியதும் "அப்பாடா" என்பார்கள். இரண்டு குளிர்காலத்தில் ஒருவரைக்கூட வெறும் சட்டையோடு வெளியே அனுப்பியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அலுவலகத்துக்கும் வாக்குவாதம் வந்தது. கோட்டில் பயணியின் பெயரை எழுதிக் கட்டு என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். வரிசையில் நூற்றுச் சொச்சம் பேர் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் விமானம் கிளம்பிவிடும். எங்கள் கம்பெனியில் போன சீட்டிலேயேதான் திரும்பி வருவார்கள். அதனால் சீட்டு நம்பரை மட்டும் ஒரு அட்டையில் எழுதி ஹேங்கரில் மாட்டினால் போதும் என்று சண்டை போட்டு ஜெயித்தேன். போன வாரம் போனவர்கள் இடதுபக்கக் குழாய், அதற்கு முந்தின வாரம் போனவர்கள் வலதுபக்கம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவள் நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது குளிர்காலம் முடிய ஒன்றரை மாதம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். முதலாளி சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்றார். நாலே வாக்கியம்தான் பேசினார்.

"இன்னையோட கம்பெனி மூடறோம். தப்பு என்னோடது, உங்களோடது இல்ல. தீவுல இருக்கறவங்களை வேற கம்பெனி விமானம் இன்னைக்கே கூட்டிட்டு வருது. இங்க இல்ல, பக்கத்து நகரத்துப் பெரிய ஏர்போர்ட்டுல மூணரைக்கு இறங்கறாங்க."

பணிப்பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மெக்கானிக் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அது வெளியே வருவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. தீவில் இருக்கிறவர்களின் கோட்டு என் அறையில் தொங்குகிறது. நூற்று நாற்பத்தெட்டு. அன்று காலை வரும்போதே பஸ் நிறுத்தத்தில் என் கண்ணிமை ஒட்டிக்கொள்கிற குளிர். பெரிய ஏர்போர்ட்டில் கதவைத் தாண்டினால் திறந்த வெளி, பஸ் பிடிக்கவே அரை மைல் நடக்க வேண்டும். அதில் அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக, குழந்தை குட்டிகளோடு நூற்று நாற்பத்தெட்டுப் பேர். அத்தனை பேரிடமும் நானே போட்டு விடுகிறேன் என்று சொல்லி வாங்கியிருக்கிறேன்.

ஓடினேன். கோட்டு அறை வாசலில் அதற்குள் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கையில் சிவப்பு அரக்கு, ஒரு கட்டுக் காகிதம். சீல் வைக்க வந்த அதிகாரி. ஒல்லியான மனிதர். அவர் போட்டிருந்த கோட்டின் கை இரண்டு விரற்கடை நீளம். அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது. புத்தி எங்கே போகும்?

"சார், இதை மட்டும் பூட்டிடாதீங்க. இதெல்லாம் கம்பெனிது இல்ல, பயணிங்களோடது."

"உள்ள இருக்கறது எல்லாம் பட்டியல்ல ஏத்தணும்மா. யாருதுன்னு எழுதிக் குடுத்தா, விசாரிச்சு ஆறு வாரத்துல அனுப்பிடுவாங்க."

"ஆறு வாரத்துல குளிரே போயிடும் சார். அவங்க இன்னைக்கு மூணரைக்கு இறங்கறாங்க."

அவர் பக்கத்தில் தொங்கிய ஹேங்கரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். 16C. அடுத்ததைப் பார்த்தார். 16D.

"பேரு எங்க?"

"எழுதல சார், சீட்டு நம்பர்தான்."

"பதினாறு சி-ன்னா ஒரு ஆளாம்மா? இதை வெச்சு யாருகிட்ட குடுக்கறது? நாளைக்கு யாராவது வந்து என் கோட்டு எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. அநியாயமாகக் கேட்டிருந்தால் கத்தியிருக்கலாம். அட்டையில் பெயர் எழுதியிருந்தால் அவர் பட்டியலோடு ஒத்துப்பார்த்து விட்டிருப்பார். எழுத மாட்டேன் என்று சண்டை போட்டவள் நான். ஒவ்வொரு கோட்டையும் என் பிடிவாதமே உள்ளே வைத்துப் பூட்டியது போலிருந்தது.

"சார், எனக்குப் பேரு தெரியாது, ஆளைத் தெரியும். எதை வேணா எடுங்க. யாருதுன்னு நான் சொல்றேன்."

அவர் நம்பவில்லை. இருந்தாலும் நடுவிலிருந்து சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை எடுத்து, அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூட வாத்தியாரம்மா" என்றேன். "இடது தோள் ஒரு இஞ்சு இறங்கியிருக்கும், எப்பவும் அந்தப் பக்கமே பையை மாட்டுவாங்க. மூணாவது பட்டன் மட்டும் வேற நூல்ல தெச்சிருக்கும். பாருங்க."

பார்த்தார். தைத்திருந்தது. இன்னொன்றை எடுத்தார்.

"மீன் கடைக்காரர். கழட்டிக் குடுக்கும்போது ரெண்டு தடவை மோந்து பாத்துட்டு, வாசனை வருதான்னு என்கிட்ட கேட்டார். வரலைன்னு பொய் சொன்னேன்."

அதிகாரி அதை மூக்கருகே கொண்டுபோய் உடனே தள்ளிப் பிடித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அப்படி ஏழு எடுத்தார், ஏழையும் சொன்னேன். முகம் மறந்துபோகும், ஆனால் தோள் மறக்காது. ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று கழற்றி வாங்கியவள் நான். இருபத்து மூன்று வருடம் ஆட்களைக் கண்ணாலேயே அளந்தவள்.

அவர் காகிதக் கட்டைப் புரட்டினார். "விதியில ஒண்ணு இருக்கு. அடுத்தவங்க பொருளா இருந்தா, அதிகாரி முன்னாடி சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம். ஆனா சொந்தக்காரங்க இங்க இல்லையே."

"எங்க வெச்சு வாங்கணும்னு போட்டிருக்கா?"

மறுபடி படித்தார். இன்னொரு முறை படித்தார். "இல்ல."

"அப்ப நீங்க எங்க இருக்கீங்களோ அங்க வாங்கிக்கலாம்."

"நான் எதுக்கும்மா நாலு மணி நேரம் பிரயாணம் பண்ணணும்? எனக்கு இன்னும் ஒன்பது அறை பாக்கி இருக்கு."

கோபம் வந்துவிட்டது. "சார், ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்க கோட்டைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு, அந்தக் கதவுக்கு வெளியே ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அப்புறம் வந்து பூட்டுங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஓடுபாதையோரம் ஒரு ஆள் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் விட்ட மூச்சு புகைபோல அவனுக்குப் பின்னால் போனது. அதிகாரி காகிதத்தை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, மற்ற ஒன்பது அறைகளைத் தன் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். "வண்டி இருக்கா?" என்று கேட்டார். அவரை அப்போதே கும்பிட்டிருப்பேன், கையில் நேரம் இல்லை.

கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் ஏற்கெனவே சீல். கொழுந்தனுக்குப் போன் போட்டேன். அவனிடம் சொந்தமாக ஒரு ஐம்பது சீட்டு பஸ் உண்டு. எடுத்ததும் ஆரம்பித்தான்.

"என்ன அண்ணி, கம்பெனியை மூடிட்டாங்களாமே! நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"சொன்ன, சொன்ன. வாயை மூடிட்டு பஸ்ஸை எடுத்துட்டு வா. பெரிய ஏர்போர்ட்டுக்குப் போகணும்."

"ரெண்டு மணிக்கு எனக்கு ஒரு டிரிப் இருக்கே."

"ரத்து பண்ணு. வரலைன்னா இனிமே என் வீட்டுல ஒரு வாய் சோறு கிடையாது."

இருபது நிமிஷத்தில் வந்துவிட்டான். அவன் வாய்தான் அப்படி.

அதிகாரி காகிதங்களைத் தயார் செய்ய, நான் அவருக்கு நிறமும் அளவும் சொல்லிக்கொண்டிருந்தேன். கொழுந்தன் ஒற்றை ஆளாக நின்று ஏற்றினான். வண்டி கிளம்பிய பிறகுதான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். எல்லா சீட்டிலும் கோட்டுகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. ஏதோ கல்யாண கோஷ்டி போவதுபோல இருந்தது. கிட்டே போய் அட்டையைப் பார்த்தேன். 14C-க்கு மேல் இன்னொரு 14C. 15A-க்கு மேல் இன்னொரு 15A.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"ரெண்டு குழாய்லயும் ஒரே நம்பர் இருந்துச்சு அண்ணி. தேடிக்கிட்டு இருப்பீங்களேன்னு ஒரே நம்பரையெல்லாம் ஒண்ணு சேத்துட்டேன். எப்படி நம்ம வேலை?"

இரண்டு வாரத்தையும் கலந்துவிட்டான். நம்பர் என்று ஒன்று இருந்ததற்கும் இனி பிரயோஜனம் இல்லை. திட்டித் தீர்த்தேன். பாவம், அவன் நல்லதுதான் நினைத்தான். திட்டி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஏழு கோட்டுக்குச் சொல்லிவிட்டேன், சரி. நூற்று நாற்பத்தெட்டுக்கும் என்னால் முடியுமா? கோபமாக இறங்குகிற கூட்டம் ஒன்று. அவர்கள் முன்னால், ஒரு அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, தப்புத் தப்பாகக் கொடுத்து அசடு வழிந்தால் வெயில் கம்பெனியைப் பற்றிக் கடைசியாக அதைத்தான் ஊர் பேசும். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தோளாக நினைத்துப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் குழம்பியது.

கை சும்மா இருந்தால் பயம் கூடும். எதிரே அதிகாரியின் கோட்டுக் கை தொங்கிக்கொண்டிருந்தது. "கழட்டுங்க சார். மடிச்சுத் தெச்சுத் தரேன்" என்றேன்.

"ஐயோ, வேணாம்மா. லஞ்சம் ஆயிடும்."

"ரெண்டு விரக்கடைத் துணிக்கு யாரும் ஜெயிலுக்குப் போனதில்ல. கழட்டுங்க."

பஸ்ஸின் ஆட்டத்தில் ஊசி பிடித்துத் தைத்து முடிப்பதற்குள் மணி இரண்டாகிவிட்டது. போட்டுப் பார்த்துவிட்டு அவர் கையை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். பதினொரு வருடமாக அப்படியே போட்டுக்கொண்டிருந்தாராம். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பெரிய ஏர்போர்ட்டில் எங்களை யார் உள்ளே விடுவார்கள்? காவலாளி குறுக்கே கையை நீட்டினார். அதிகாரி தன் அட்டையை எடுத்துக் காட்டினார். கை இறங்கிவிட்டது. அரசாங்க அட்டைக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு. பெட்டி தள்ளுகிற வண்டிகள் முப்பதைப் பிடித்து, கோட்டுகளை அடுக்கி, வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தினோம். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குளிர் காலைக் கடித்தது.

மூன்று ஐம்பதுக்கு வந்தார்கள். பூப்போட்ட சட்டை, அரைக்கால் டவுசர், சிவந்துபோன மூக்கு. காலையிலிருந்து எந்த விமானம், எப்போது என்று தெரியாமல் அலைக்கழிந்த முகங்கள். முதலில் வந்தவர் ஒரு தடித்த மனிதர். எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"நீங்கதான் அந்தக் கம்பெனியா? வெக்கமா இல்ல? அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டீங்களே! எவன்யா உங்களுக்கு..."

அவர் கத்திக்கொண்டே இருந்தார். நான் அவர் தோளை மட்டும் பார்த்தேன். அகலம், முன்பக்கம் லேசான வளைவு, கழுத்து குட்டை. ஏழாவது வண்டி, அடியிலிருந்து இரண்டாவது. எடுத்துக்கொண்டு பின்னால் போய் விரித்துப் பிடித்தேன். வாய் கத்திக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் பின்னால் வந்து உள்ளே நுழைந்தது. கத்தல் பாதியில் நின்றது. பையில் கையை விட்டுத் தன் வீட்டுச் சாவியை எடுத்துப் பார்த்தார்.

"கம்பெனிதான் மூடிட்டாங்களே. நீங்க யாரு?"

"நான் கோட்டு அறைங்க. போட்டு விடறேன்னு சொல்லியிருந்தேனே."

அவர் அதிகாரி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, முன்பு கத்திய அதே குரலில் கத்தினார். "எல்லாரும் வரிசையா வாங்கய்யா! நம்ம கோட்டெல்லாம் வந்திருக்கு!"

அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் குழம்பியதெல்லாம் ஆள் எதிரில் வந்து நின்றதும் தெளிந்துவிட்டது. தோள் வந்தது, கை போனது, கோட்டு வந்தது. வாத்தியாரம்மா. மீன் கடைக்காரர். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பெண்ணுக்குக் கோட்டுக் கையின் தையலைப் பிரித்து ஊக்கு குத்திவிட்டேன். 14C இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய கறுப்புக் கோட்டு. முதல் ஆளுக்குப் போட்டு விட்டால் பட்டன் எட்டவில்லை.

"இது என்னுது இல்லம்மா. இறுக்குது."

"உங்களுதுதான்."

"என் கோட்டு எனக்குத் தெரியாதா?"

"கோட்டு மாறலை சார், நீங்கதான் மாறியிருக்கீங்க. பதினாலு நாளா என்ன சாப்பிட்டீங்க?"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மூணு வேளையும் நாலு தட்டும்மா!" பையைத் துழாவினால் அவர் கைக்குட்டையே வந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. காலையிலிருந்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதிகாரிகூடக் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நூற்று நாற்பத்தெட்டில் ஒன்று தப்பு. இரட்டைப் பெண்கள், எட்டு வயது, ஒருத்தியின் கோட்டை இன்னொருத்திக்குப் போட்டுவிட்டேன். பெற்றவளே அவர்களை மாற்றித்தான் கூப்பிடுகிறாள், அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏர்போர்ட் காவலாளி கொழுந்தனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "யாருங்க நீங்கல்லாம்? எந்தக் கம்பெனி?" காலி வண்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்த கொழுந்தன் நிமிர்ந்தான். "வெயில் கம்பெனி. கோட்டு செக்‌ஷன்" என்றான். "அதோ, அவங்கதான் தலைமை. எங்க அண்ணி." ஒரு நாள்கூட அங்கே வேலை பார்க்காதவன். நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டான்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். படுத்த பிறகும் எங்கள் கம்பெனி அன்றைக்கு அந்தப் பெரிய ஏர்போர்ட்டில் இருந்த எல்லாக் கம்பெனியையும்விட ஒரு சாண் உயரமாக இருந்தது.

நாலே முக்காலுக்குக் கடைசி ஆள் போனார். வயதானவர், கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டே என் கையைப் பிடித்து இரண்டு முறை குலுக்கிவிட்டுப் போனார். வண்டியில் ஒன்றும் மிச்சமில்லை. கதவு திறந்தது. அவர்கள் எல்லோரும் அந்தக் குளிரில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். ஒருவர்கூட வெறும் சட்டையில் இல்லை. கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பாதியில் நின்றுவிட்ட அழுகை அப்போதுதான் வந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அதிகாரி காகிதத்தை வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. நூத்தி நாப்பத்தெட்டுக் கையெழுத்து. கீழ ஒரு இடம்தான் காலியா இருக்கு. ஒப்படைத்தவர் யாருன்னு எழுதணும். என் ஆபீஸ்னு போட முடியாது, நாங்க ஒப்படைக்கல."

"எங்க கம்பெனி பேரைப் போடுங்க."

"அதான் பிரச்சனை. உங்க கம்பெனி இன்னைக்குக் காலையில ஒன்பது மணியோட இல்லன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். இல்லாத கம்பெனி நாலே முக்காலுக்கு எப்படி ஒப்படைக்கும்?"

"சார், இவ்வளவு நேரம் இங்கதானே நின்னீங்க? யாரு ஒப்படைச்சாங்கன்னு நீங்களே பாத்தீங்கல்ல? பாத்ததை எழுதுங்க."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். வண்டிகளைப் பார்த்தார். பிறகு அந்த நீளமான பெயரை, ஊரில் யாருமே முழுசாகச் சொல்லாத பெயரை, ஒரு எழுத்து விடாமல் நிதானமாக எழுதினார். பக்கத்தில் நேரத்தையும் போட்டார், நாலே முக்கால். எழுதி முடித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"கம்பெனிக்காக யாராவது கையெழுத்துப் போடணும்."

கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றான். கிண்டலாக ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். குனிந்து தன் முதுகைக் கொடுத்தான், காகிதத்தை வைத்துக்கொள்ள. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த நாள் முழுக்க எனக்காக மட்டுமே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வருகைப் பதிவேட்டில். கம்பெனிக்காகப் போட்டது அதுதான் முதல் தடவை. அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதிப் போட்டேன்.